சம்பந்தி வீட்டுச் சோறு

முதல் ஊரடங்கின்போது எங்கள் வீட்டில் எல்லோருடைய கேலிக்கும் ஆளானவள் நான்தான். கல்லூரியில் கணக்குப் படித்து, பி.எட். முடித்து, கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடமும் எடுத்தவள். கடைகளை மூடப் போகிறார்கள் என்று செய்தியில் சொன்னதும், வீட்டில் இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்று யோசிக்க உட்கார்ந்துவிட்டேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, கிழமைக்கு ஒரு வரிசை, வேளைக்கு ஒரு கட்டம் என்று எழுதினேன். சீக்கிரம் வாடும் கீரையும் தக்காளியும் வாரத்தின் முதலில். பூசணியும் சேனையும் பிறகு. காயே கிடைக்காத நாட்களுக்கு வற்றலும் பயறும். எழுதி முடித்துச் சமையலறைக் கதவில் ஒட்டினேன்.

அத்தை அதன் முன்னால் வந்து நின்று பார்த்தார். அத்தை என்றால் என் மாமியார்.

“என்னத்தா இது, பள்ளிக்கூடத்து டைம் டேபிளா? மணி யாரு அடிக்கிறது?”

“காய் கிடைக்காமப் போயிட்டா என்ன செய்யிறதுன்னு யோசிச்சு வைக்கிறேன் அத்தை.”

“நீ யோசிச்சா கத்தரிக்காய் காய்ச்சிருமா?” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் மறுநாள் காலையில் கதவருகே போய், அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அரிசி களைந்தார். அவருக்கு வாசிக்க வரும். மெதுவாக, உதட்டை அசைத்து வாசிப்பார். அதற்குப் பிறகும் வாரம்தோறும் கதவில் தாள் மாறிக்கொண்டே இருந்தது.

எங்கள் வீடு காரைக்குடிக்கும் அமராவதிபுதூருக்கும் இடையில், பேருந்து போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாமா, என் மாமனார், நெல்லும் கடலையும் போடுகிறார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் அத்தை, மாமா, நான், அப்போது இரண்டு வயதான என் மகள்.

காய்கறி வண்டி தெருவுக்குள் வந்தால், வாங்கியதையெல்லாம் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவேன். அப்படிச் செய்யச் சொல்லி வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தார்கள். அதனால் பயன் உண்டா என்று தெரியாது. செய்யாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

“கத்தரிக்காயக் குளிப்பாட்ட இம்புட்டு உப்பு. குழம்புல போடச் சொன்னா மட்டும் உங்க வீட்டு ஆளுகளுக்குக் கை வராது” என்பார் அத்தை.

உப்பு விஷயத்தில் அத்தைக்கு என் பிறந்த வீட்டின் மேல் ஒரு பழைய வழக்கு இருந்தது. என்னைப் பெண் பார்த்து நிச்சயம் செய்ய, திருப்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு இவர்கள் வந்த அன்று, பதற்றத்தில் என் அம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டார். வந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருந்தது என்று சொல்லிப் போனார்கள். விருந்துக்குப் போன இடத்தில் இலையின் முன் உட்கார்ந்து குறை சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது இந்த வீட்டுச் சட்டம். வீட்டுக்கு வந்து சொன்னதை, கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகும் அத்தை நிறுத்தவில்லை. என் அம்மா ஏதாவது செய்து கொடுத்தனுப்பினால் எனக்கு எதிரிலேயே ருசி பார்த்து, “சம்மந்தி வீட்டுல உப்பே இல்லைத்தா” என்பார். “அடுத்த தடவை கூடப் போடச் சொல்றேன் அத்தை” என்பேன் நான். இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நான் பதில் சொல்லாவிட்டால், சொல்லும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார்.

சோறு சுமப்பதில் அத்தைக்கு இணை எங்கள் உறவில் யாரும் கிடையாது. எங்கள் பக்கத்தில் துக்கம் விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. பங்காளி வீடுகளுக்கும் அதே தீட்டு என்பதால் அவர்களும் ஆக்கிக் கொடுக்க முடியாது. வெளியிலிருந்துதான் சோறு வர வேண்டும். முதல் சோறு சம்பந்தி வீட்டிலிருந்து வரும், பிறகு மாமன் மச்சான் வீடுகளிலிருந்து முறை வைத்து வரும். அத்தைக்குத் தகவல் வந்த உடனே அடுப்பு பற்றிவிடும். அந்த வீட்டில் சர்க்கரைக்காரர் உண்டா, கைக்குழந்தை உண்டா, பல் இல்லாத பெரியவர் உண்டா என்று தகவல் சொன்னவரிடமே கேட்டுக்கொள்வார். பெரிய பித்தளைத் தூக்கில் குழம்பு, தலையில் சோற்றுப்பானை, பேருந்து என்றால் பேருந்து, வண்டி என்றால் வண்டி. முதல் ஊரடங்கில் நாச்சியாபுரத்தில் ஒரு சாவு. போக அனுமதி கிடைக்காது என்று மாமா சொன்னார்.

“சோத்துக்கு என்னத்துக்குப் பாஸு? சோறு என்ன இருமப் போகுதா?”

அத்தை பால் வண்டிக்காரரிடம் பானையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று போன் வரும்வரை அவரும் சாப்பிடவில்லை.

இரண்டாவது அலையில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது.

எதன் வழியாக வந்தது என்று தெரியாது. பால் பாக்கெட், ரேசன் கடை வரிசை, தெருவில் நின்று நான் பேரம் பேசிய வெங்காய வண்டி, மாமா போன உரக்கடை என்று நானும் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வேன். என் மனது அப்படித்தான் வேலை செய்யும். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது அத்தை நடந்தேதான் ஏறினார். முகக்கவசத்துக்குள்ளிருந்து அவர் பேசியது தெளிவாகக் கேட்கவில்லை. கிட்டே போகப் பார்த்தேன். அங்கேயே நில் என்று கையைக் காட்டினார்.

“மோர் மிளகா மாடியில கிடக்கு. மேகம் போட்டா எடுத்துரு.”

அவ்வளவுதான் சொன்னார். வண்டி போன பிறகு எங்கள் கேட்டில் மூங்கில் வைத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். மாமாவுக்கும் நோய் இருப்பதாக முடிவு வந்தது. அவருக்கு மூச்சுத்திணறல் இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவர் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். முன்னறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். அந்த அறைக்கு வெளிவாசலைப் பார்த்து ஒரு கதவு, வீட்டுக்குள்ளே ஒரு கதவு. உள்கதவை மூடிக்கொண்டோம். எனக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை என்றார்கள். தாத்தாவை ஐயா என்று கூப்பிடும் மூன்று வயதுக் குழந்தையிடம் ஐயா அறைக்குப் போகக் கூடாது என்று எப்படிச் சொல்வது? கதவின் அடியில் வாயை வைத்து, “ஐயா, தூங்குறீகளா?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து மதியம் போன் செய்வார். உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

“இன்னைக்கு என்ன குழம்பு?”

“சுண்டைக்காய் வத்தக் குழம்பு அத்தை.”

“கதவுல அப்படியா போட்டிருக்கு?”

“கதவுல கீரைன்னு போட்டிருக்கு. கீரை வரலை.”

“அப்ப அடிச்சுட்டு எழுது. படிச்ச பிள்ளை, கணக்குத் தப்பலாமா?” சிரிக்க ஆரம்பித்து அது இருமலாகிவிடும். பிறகு, “மாமாவுக்குச் சோத்தக் குறைச்சுப் போடு. கேப்பாக, போடாத.”

ஒருநாள் போனில் நர்ஸ் பேசினார். உங்கள் மாமியாருக்குப் பேச முடியவில்லை, காதில் வைக்கிறேன், நீங்கள் பேசுங்கள் என்றார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தைரியமாக இருங்கள் என்று சொல்ல வேண்டும், சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டும். என் வாயில் அதெல்லாம் வரவில்லை. மாஸ்க்கில் காற்று போகும் சத்தம் மட்டும் கேட்டது. சமையலறைக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். “இன்னைக்குப் பூசணிக்காய்க் கூட்டு அத்தை” என்றேன். பிறகு, “நாளைக்குத் தட்டாம்பயத்துக் குழம்பு. புதன்கிழமை மோர்க் குழம்பு, தொட்டுக்க மோர் மிளகா, எடுத்து வச்சுட்டேன், நனையலை” என்றேன். காலண்டர் தாளில் இருந்த வாரம் முழுவதையும் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரவை உப்புமா என்பதுவரை வாசித்தேன். அதற்குப் பிறகு தாளில் ஒன்றும் இல்லை. “போதும்மா, அவங்க கேட்டுட்டாங்க” என்றார் நர்ஸ்.

மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் தகவல் வந்தது. நான் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றியிருந்தேன். போனைக் கேட்டுவிட்டு முதலில் அடுப்பை அணைத்தேன். அழுவதற்கு முன் கை அதைத்தான் செய்தது.

மாமாவிடம் மூடிய கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, “தம்பிக்குச் சொல்லிட்டியா?” என்று கேட்டார். தம்பி என்பது அவர் மகன், என் கணவர். விமானம் இல்லாமல் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராகச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். கணவரின் சித்தப்பா மகன் மட்டும் தள்ளி நின்று, அவர்கள் அனுமதித்ததைச் செய்தார். போனில் காட்டினார். மாமா அவர் அறையில் ஒரு போனில் பார்த்தார், நான் சமையலறையில் ஒரு போனில் பார்த்தேன், கணவர் அங்கே ஒரு போனில் பார்த்தார். வெள்ளையாகக் கட்டிய ஒன்றைத் தூக்கினார்கள். அது அத்தைதான் என்று சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டில் ஒப்பாரிச் சத்தம் இல்லை. கட்டிப்பிடித்து அழ யாரும் வரவில்லை. தனியாக எப்படி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், மகள் பயந்துவிடுவாளே என்று.

அவள் பசிக்கிறது என்றாள். அடுப்பைப் பற்றவைக்கலாமா? இந்த வீட்டில் உயிர் போகவில்லை, பிணமும் கிடக்கவில்லை, அப்படியானால் அடுப்பு எரியலாமா? யோசித்து யோசித்து, கெட்டிலில் பாலைச் சுட வைத்தேன். கெட்டில் அடுப்பா இல்லையா என்று அதையும் யோசித்தேன். அவலை நனைத்துச் சர்க்கரை போட்டு ஊட்டினேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தை சுவருக்கு மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். அவர் மாமாவின் தம்பி மனைவி, பங்காளி வீடு.

“எங்க வீட்டுலயும் அடுப்பு எரியலத்தா. நாங்களும் தீட்டுதான. என்ன செய்யிறதுன்னே தெரியல.”

மாமா பகல் முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயந்தரம் ஊராட்சியிலிருந்து ஒரு பெண் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்து கேட்டில் தொங்கவிட்டுப் போனார். அதை எடுத்துக் கதவருகே வைத்தேன்.

“மாமா, கொஞ்சம் சாப்பிடுங்க. மாத்திரை போடணும்.”

“துக்க வீட்டுல பொட்டலச் சோறாத்தா?”

“வேற வழி இல்லை மாமா.”

“அவ எத்தனை வீட்டுக்குச் சுமந்தா. நாச்சியாபுரத்துக்கு வண்டியில ஏத்தி விட்டாளே. அவளுக்குன்னு ஒரு வீட்டுல இருந்து ஒரு பானை வரலைன்னா, அவ என்ன அநாதையா?” குரல் உடையவில்லை. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார். “வரட்டும். வரும்போது சாப்பிடுறேன்.”

“யாரு மாமா வருவாக?”

யாரும் வர முடியாது என்பது அவருக்கும் தெரியும். அத்தையின் ஒரே தம்பி கோயம்புத்தூரில் இருந்தார். முதல் சோறு கொண்டுவர வேண்டிய சம்பந்தி வீடு என் பிறந்த வீடுதான். திருப்பத்தூர் ஒரு பேருந்து தூரம்தான், ஆனால் அங்கே என் அண்ணனுக்கும் காய்ச்சல், எங்கள் வீட்டைப்போலவே அந்த வீட்டு வாசலிலும் கட்டை கட்டியிருந்தது. மாமா பிடிவாதக்காரர் இல்லை. இத்தனை வருடத்தில் சாப்பாட்டில் இது வேண்டும் அது வேண்டும் என்று சொன்னவரே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் உள்கதவைத் தட்டினேன். பதில் வரவில்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு திறந்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். அதைக் குடித்தார். அது சோறு இல்லை என்று நினைத்துக்கொண்டார்போல, நல்லவேளை. போனில் டாக்டரிடம் கேட்டேன். சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கத்துக்குப் போய்விடுவார், காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையும் வெறும் வயிற்றில் கூடாது, எப்படியாவது சாப்பிடவையுங்கள் என்றார்.

எப்படியாவது என்றால் எப்படி? ஒரே வாரத்தில் இந்த வீட்டில் இன்னொருவரையும் அனுப்பிவிட்டு, கணவருக்கு நான் என்ன சொல்வேன்?

சாமான் அறைக்குள் போய் நின்றேன். அந்த அறையை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எது எவ்வளவு இருக்கிறது, எது எப்போது தீரும் என்று எப்போது கேட்டாலும் சொல்வேன். எது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நான் பார்த்ததே இல்லை. அது அத்தையின் கணக்கு. மூலையில் தனியாக, ஒரு பலகையின் மேல், என் பிறந்த வீட்டிலிருந்து வந்தவற்றை வைத்திருந்தார். ‘சம்மந்தி சாமான்’ என்பார். தைப்பொங்கலுக்கு அம்மா சீராகக் கொடுத்த அரிசி மூட்டை, பழையதாகட்டும் என்று பிரிக்காமல் இருந்தது. எங்கள் திருப்பத்தூர் வயலில் விளைந்த தட்டாம்பயறு, எங்கள் மரத்துப் புளி, ஒரு பை மிளகாய் வற்றல். பரணில், கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த வெண்கலப் பானை, ஒருநாளும் அடுப்பேறாதது.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அம்மா, நம்ம அரிசிய நம்ம பானையில ஆக்கி, நானே கொண்டு போய் வச்சா, அது சம்மந்தி சோறு ஆகுமா?”

“நீ அந்த வீட்டுத் தீட்டுக்காரியில்ல. அது எப்படி ஆகும்?”

“நான் உங்க பிள்ளையும்தானம்மா.”

“அப்படிச் செய்யலாமான்னு தெரியலையேத்தா. யாருகிட்டக் கேக்கிறது? இதெல்லாம் கேக்கிறதுக்கு இருந்த ஆளே அவுகதான்.” அதைச் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் போனை வைத்தேன்.

அம்மாவே திரும்பக் கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் நிதானமாகப் பேசினார்.

“வீட்டுக்குள்ள ஆக்காத. கொல்லையில கல்லு கூட்டி ஆக்கு. தாளிக்காத. சும்மாடு வச்சுத் தலையில தூக்கிட்டுப் போ. கொல்லைக் கதவு வழியா உள்ள போயிராத, சுத்திப் போய் முன்வாசல் வழியாப் போ. நான் வந்தா அப்படித்தான் வருவேன். கிளம்பும்போது போயிட்டு வாரேன்னு சொல்லிப்புடாத, துக்க வீடு.”

கொல்லையில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டினேன். தென்னமட்டையை ஒடித்து வைக்கும்போதே யோசனை வந்தது, மட்டை இந்த வீட்டு மரத்து மட்டை ஆயிற்றே என்று. தண்ணீரும் இந்த வீட்டுத் தண்ணீர். அதை யோசித்தால் எதுவும் நடக்காது என்று விட்டுவிட்டேன். பரணிலிருந்து பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மகள் கொல்லைப் படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டு பார்த்தாள்.

“யாருக்கும்மா சோறு?”

“ஐயாவுக்கு.”

“அப்பத்தாவுக்கு?”

“புகை வருது, அங்குட்டுத் தள்ளி உக்காரு” என்றேன்.

சோறு வெந்தது. பயறு வெந்து, புளியும் மிளகாயும் அரைத்து ஊற்றிக் குழம்பு கொதித்தது. உப்பு எடுக்க உள்ளே போனேன்.

என் அம்மா கொடுத்ததில் உப்பு இல்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மட்டைக்குச் சொன்ன சமாதானத்தை உப்புக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துப் பீங்கான் ஜாடியின் மூடியைத் திறந்தேன். அத்தை கரண்டி வைத்துக்கொள்ள மாட்டார், கையால்தான் அள்ளுவார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நான் டப்பாவில் இருந்த தூள் உப்பைத்தான் பயன்படுத்தி வந்தேன், அதுவும் முந்தாநாள் தீர்ந்திருந்தது. கல் உப்பு ஈரத்தில் இறுகிப்போய், அவர் கடைசியாக அள்ளிய இடம் குழியாக அப்படியே இருந்தது. நான்கு விரல் போன தடம் தெரிந்தது. நான் கையை விட்டால் அது கலைந்துவிடும்.

மூடியை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

குளித்து, அம்மா கொடுத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். மகளைக் கொல்லைக் கதவுக்கு உள்ளே விட்டுத் தாழ்போட்டேன். சும்மாடு வைத்துப் பானையைத் தலையில் ஏற்றினேன். ஒரு கையில் குழம்புத் தூக்கு, அதோடு சேர்த்து இலையும் நீளக் கரண்டியும். வீட்டின் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் போகிற பாதையில் நடந்தேன். கழுத்து வலித்தது. அத்தை இதைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறியிருக்கிறார். முன்பக்கம் வந்ததும், கேட்டுவரை போய், கட்டியிருந்த மூங்கிலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அங்கிருந்து வந்தால்தான் வெளியிலிருந்து வந்ததாகும் என்று தோன்றியது. யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்றும் தோன்றியது.

சின்னத்தை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டார். என் தலையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். இது என்ன கூத்து என்று கேட்டுவிடுவார், கேட்டால் பானையை இறக்கி வைத்துவிடுவேன் என்று நினைத்தேன். அவர் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினார்.

“சம்மந்தி வந்துட்டாகளே” என்று பெருங்குரல் எடுத்தார். “சோறு சுமந்த மகராசி, உனக்குச் சோறு வந்துருக்கே, எந்திரிச்சு வந்து வாங்குத்தா.”

சம்பந்தி வீட்டார் வாசலில் வரும்போது அந்த வீட்டுப் பெண்கள் எடுக்க வேண்டிய அழுகை அது. எதிர் வீட்டு மாடியிலிருந்தும் ஒரு பெண் குரல் சேர்ந்தது. அத்தைக்காக எங்கள் தெருவில் எழுந்த முதல் சத்தம். தலையில் பானையோடு நான் நின்றேன். இரண்டு கையும் பானையையும் தூக்கையும் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. வாயைப் பொத்தவும் முடியவில்லை. அழுதேன்.

முன்னறையின் வெளிக்கதவு திறந்தது. மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டில் என்னை “வாத்தா, போத்தா” என்றுதான் கூப்பிடுவார்.

“வாங்க” என்றார். கையைக் கூப்பி, “வாங்க சம்மந்தி. உள்ள வாங்க.”

நிலைப்படிக்கு வெளியே பானையை இறக்கினேன். இலையைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் வந்து உட்கார்ந்தார். நீளக் கரண்டியில் சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அவர் தாடை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று இலையைக் காட்டினார். அத்தை சொன்னதை நினைத்துக் கொஞ்சமாகத்தான் வைத்தேன். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

பானையில் மிச்சச் சோறு இருந்தது. அதைக் கதவோரம் மூடிவைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன். பக்கப் பாதையில் சுற்றி, கொல்லையில் குழாயடியில் கைகால் கழுவி, தாழ் திறந்து சமையலறைக்குள் வந்தேன். மகள் என் காலைக் கட்டிக்கொண்டு, “யாரும்மா வந்தது, எல்லாரும் அழுதாக?” என்றாள்.

முன்னறையின் உள்கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“ஏத்தா.”

“என்ன மாமா.”

“சம்மந்தி வந்துட்டுப் போனாக.”

“ம்.”

பிறகு மெதுவாக, வீட்டு மனுஷியிடம் மட்டும் சொல்கிற குரலில் சொன்னார்.

“சோத்துல உப்பே இல்லைத்தா.”

கதவருகே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த தடவை கூடப் போடச் சொல்றேன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த சோற்றுக்கு அடுத்த தடவை என்று சொல்லக் கூடாது. அவர் காத்திருந்தார். அத்தையும் இப்படித்தான், நான் பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தப் பதிலைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

“மாத்திரை போட்டீகளா மாமா?” என்று கேட்டேன்.

“போட்டுட்டேன்” என்றார்.